நாணற்சுவரிடம் சொன்னது

எரிது நகரத்துக்கு வடக்கே, பெருவாய்க்காலின் மூன்றாம் மதகில் இருபத்திரண்டு ஆண்டுகள் மதகைத் திறந்து மூடி வயல்களுக்கு நீர் பங்கிடும் நீர்க்கட்டியாக இருந்தவர் அகல்லா. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் வரப்புக் குழைந்த ஒரு வயலுக்கு எந்த மாதத்தில் எத்தனை விரற்கடைத் தண்ணீர் விடவேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் சொல்லக்கூடியவர். கோடுகள் கீறிய நாணற்கோல் ஒன்று எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். காலையில் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை அதை நீரில் இறக்கிப் பார்ப்பார்.

"எம் புருசன் எம் பேரை மறந்தாலும் மறப்பாரு, தண்ணி எத்தன வெரக்கடைன்னு மறக்கமாட்டாரு" என்று அவருடைய மனைவியே பலர் நடுவில் சொல்லிச் சிரிப்பாள். அகல்லா அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொள்வார். ஒருவனுடைய முறைத் தண்ணீரில் ஒரு கலம் கூட இன்னொருவன் வயலுக்குப் போனதில்லை என்பது அவருடைய பெருமை.

தண்ணீர் தம்முடையது அல்ல என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. மண்ணுக்கு அடியில் கிடக்கும் நன்னீர்க் கடல், தெய்வமான என்கியின் வீடு. கிணறாகவும் ஆறாகவும் வாய்க்காலாகவும் மேலே கசிந்து வருவதெல்லாம் அந்த வீட்டு நீர். மதகுப் பலகையைத் தூக்கும் முன் கையை நனைத்துக்கொண்டு, "உன் தண்ணி, என் கை" என்று முணுமுணுப்பது எரிதின் நீர்க்கட்டிகளுக்கு வழக்கம். அகல்லா ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. தவறு அவர் வாழ்வில் வேறு வழியாக வந்தது.

அந்த ஆண்டு அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது மலைநாட்டுப் பனி உருகி, வெள்ளம் வழக்கத்தைவிட முன்னதாக இறங்கியது. கோயில் வயல்களில் பார்லி கதிர் முற்றிச் சாய்ந்து நின்றது. நாணற்கோலின் மேல்கோட்டை நீர் தொட்ட அன்று, கரைக்கண்காணி உர்லம்மா ஐந்து மதகுகளின் நீர்க்கட்டிகளையும் கோயில் முற்றத்துக்கு வரவழைத்தார்.

"கரை தாங்காது. எங்கயாச்சும் ஒரு பக்கம் அதுவாவே ஒடையும். ஒடைஞ்சா கோயில் வயல் போச்சு, ஊருக்கு ஒரு வருசச் சாப்பாடு போச்சு. அதனால நாமளே ஒடைக்கணும். நாளான்னைக்கு மறுநாள் விடியறப்ப அஞ்சாம் மதகுக்குக் கீழ, கெழக்குக் கரையில" என்றார் உர்லம்மா.

ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிழக்குக் கரைக்கு அப்பால் சதுப்பு. சதுப்பின் விளிம்பில் ஏழு நாணல் வீடுகள். அந்தக் குடியிருப்புக்கே ஏழுவீடு என்றுதான் பெயர்.

"அங்க ஏழுவீட்டுச் சனங்க இருக்கே" என்றார் அகல்லா.

"எனக்குத் தெரியாதா? வெட்டறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆள் அனுப்பிச் சொல்லிடலாம். இப்பவே சொன்னா என்னாகும்? ஏழுவீட்டு ஆம்பளைங்க அத்தன பேரும் மண்வெட்டியோட கரைமேல ஏறி உக்காந்துக்குவாங்க. அப்பறம் நீ வெட்டுவியா, நான் வெட்டுவேனா?"

பிறகு ஐவரும் என்கியின் கோயில் தொட்டியில் முழங்கை வரை கையை அமிழ்த்தி, மன்னர் உயிர்மேலும் என்கியின் நீர்மேலும் ஆணையிட்டார்கள்: ஏழுவீட்டில் ஆணிடமோ பெண்ணிடமோ இதைச் சொல்வதில்லை. அந்த நீர்மேல் இட்ட ஆணையை மீறினவன் வயிற்றில் நீர்கோத்து, பானைபோல் வீங்கிச் சாவான் என்பது எரிதில் குழந்தைக்கும் தெரியும். அப்படிச் செத்த ஒருவரை அகல்லா தம் சிறுவயதில் பார்த்திருக்கிறார்.

ஏழுவீட்டில் அவருக்கு ஒரு நண்பன் இருந்தான். பெயர் லூநன்னா. இருவரும் இளைஞர்களாக இருந்தபோது ஒரே வாய்க்காலில் மன்னருக்காகக் கூலியில்லா மண்வெட்டு வேலை செய்தவர்கள்; ஒரே கூடையில் மண் சுமந்தவர்கள். லூநன்னா பின்னாளில் நாணல் படகுகளுக்கு நீர் புகாதபடி நிலக்கீல் என்னும் கருந்தார் பூசும் தொழிலுக்குப் போனான். வாய் ஓயாதவன். வழியில் போகிற நாய் குரைத்தால்கூட நின்று அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்வான். அவனுடைய மனைவி நின்ஹேது, ஏழுவீட்டிலேயே பிறந்தவள்.

அன்று அகல்லாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பார்லிக்கள்ளில் தோய்த்தவர், அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சொல்லக் கூடாது, சொல்லாமலும் இருக்க முடியாது. அப்போதுதான் அவருக்கு அந்தப் பழைய செய்தி நினைவுக்கு வந்தது. முன்னொரு காலத்தில் தெய்வங்கள் எல்லாம் கூடி உலகத்தை வெள்ளத்தில் மூழ்கடிப்பதென்று முடிவு செய்து, மனிதருக்குச் சொல்வதில்லை என்று ஆணையும் இட்டுக்கொண்டன. என்கியும் அந்த ஆணைக்குக் கட்டுப்பட்டவரே. ஆனால் அவர் அறிவின் தெய்வம். மனிதரிடம் சொல்லாமல், ஒரு வீட்டின் நாணற்சுவரிடம் சொன்னார். சுவருக்குப் பின்னால் இருந்தவன் கேட்டான்; பிழைத்தான். ஆணையும் முறியவில்லை.

எரிதில் இது கோயிலில் மட்டும் சொல்லப்படும் செய்தி அல்ல. மாமியாருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டே மருமகளுக்கு ஒன்றைத் தெரிவிக்க வேண்டுமானால், எரிதுப் பெண்கள் இன்றும் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். "நான் யாருக்கும் சொல்லல, சொவத்துக்கிட்டதான் சொன்னேன்" என்பது அந்த ஊரில் செல்லுபடியாகும் வாதம்.

மறுநாள் உச்சிப்பொழுதில் அகல்லா ஏழுவீட்டுக்கு நடந்தார். வெயிலில் குடியிருப்பு ஓசையற்றுக் கிடந்தது. பெரும்பாலோர் சதுப்பில் நாணல் அறுக்கப் போயிருந்தார்கள். லூநன்னாவின் வீட்டு முன்னால் படகு கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது; ரொட்டி அடுப்பிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. ஆகவே உள்ளே ஆள் இருக்கிறது என்று அகல்லா தீர்மானித்துக்கொண்டார். வாசல் பக்கம் போகாமல், பின்சுவருக்கு ஓரடி தள்ளி நின்றார்.

"நாணலே, உங்கிட்டத்தான் பேசறேன். நாளான்னைக்கு விடியறப்ப கெழக்குக் கரைய வெட்டப்போறாங்க. தண்ணி இந்தப் பக்கம்தான் வரும். உனக்குக் காலிருந்தா படகெடுத்துக்கிட்டு மேட்டுக்குப் போயிடு" என்றார்.

இன்னொருமுறையும் சொன்னார். பிறகு, நின்ஹேது தலையை நீட்டிப் பார்த்துவிட்டால் சுவரிடம் சொன்னது பெண்ணிடம் சொன்னதாகிவிடுமே என்ற அச்சம் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பாராமல் விடுவிடுவென்று நடந்தார். வழியெல்லாம் அவருக்கு நெஞ்சு இலேசாக இருந்தது. தெய்வத்தின் சூழ்ச்சி தமக்கும் கைவந்ததை எண்ணி ஒருமுறை சிரித்துக்கொண்டார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் அவரை மிகவும் வதைத்தது அந்தச் சிரிப்புத்தான்.

அன்று பொழுது சாய்வதற்குள் நீர் மேலும் நான்கு விரற்கடை ஏறிவிட்டது. உர்லம்மா குறித்த நாள்வரை காத்திருக்கவில்லை. ஒருநாள் முன்னதாக, மறுநாள் விடியற்காலையிலேயே வெட்டச் சொன்னார். ஆள் அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அகல்லாவும் எடுக்கவில்லை. தாம் சொல்லியாயிற்று, இதற்குள் கிளம்பியிருப்பார்கள் என்று அவர் தமக்குள் உறுதியாக நம்பினார். முதல் வெட்டில் அவருடைய மண்வெட்டியும் இருந்தது.

கோயில் பார்லி தப்பியது. ஏழுவீட்டில் ஏழு வீடுகளும் போயின. ஆட்கள் படகிலும் பேரீச்சை மரத்திலும் தொற்றிக்கொண்டு பிழைத்தார்கள், ஒருவனைத் தவிர. லூநன்னா மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தான் என்பது அகல்லாவுக்குப் பிணம் கிடைத்த பிறகுதான் தெரிந்தது. நின்ஹேது விடியற்காலையில் மீன்கூடுகளைத் தூக்கப் போயிருந்தாள். திரும்பி வருமுன் நீர் வந்துவிட்டது.

அடுத்த முப்பது நாளும் அகல்லா காலையில் எழுந்ததும் தம் வயிற்றைத் தடவிப் பார்த்தார். வீங்கவில்லை. தெய்வத்தின் முன் தாம் ஆணையை மீறவில்லை என்பதற்கு அதுவே சான்று. முதல் சில நாள் அது ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலே பின்னர் அருவருப்பாக மாறியது. வீங்கினால் தேவலை என்று நினைக்கும் அளவுக்குப் போனார். ஒரு மனிதனின் உயிரைவிடத் தம் வயிற்றைப் பெரிதாக எண்ணித்தானே வாசலுக்குப் போகாமல் பின்சுவருக்குப் போனோம் என்ற எண்ணம், நாணற்கோலை நீரில் இறக்கும் ஒவ்வொரு வேளையும் வந்து நின்றது. நாளுக்கு மூன்று வேளை.

ஏழுவீட்டார் சற்று மேடான இடத்தில் மறுபடி வீடு கட்டினார்கள். நின்ஹேதுவின் வீட்டுக்கு நாணல் அறுத்து, வளைத்துக் கட்டி, பாய் வேய்ந்தது அகல்லா. படகுக்கு நிலக்கீல் வாங்கித் தந்ததும் அவரே. அவளுக்கு உடன்பிறந்தார் இல்லை. "எங்கண்ணன் இருந்தாக்கூட இவ்வளவு செஞ்சிருக்காது" என்று ஊரெல்லாம் சொன்னாள். அண்ணே என்று கூப்பிடத் தொடங்கினாள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அகல்லா தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று பிறர் எண்ணினார்கள்.

இப்படி ஆறு ஆண்டுகள் சென்றன.

மாதம் பிறக்கும் நாளில் எரிது மக்கள் என்கிக்கு மீன் கொண்டுபோய்ப் படைப்பார்கள். அவரவர் கையில் அகப்பட்டது போதும். விரல் நீள மீனையும் தெய்வம் தள்ளுவதில்லை. ஆனால் நின்ஹேது மாதந்தோறும் தன் கூடுகளில் விழுந்ததிலேயே மிகப் பெரிய கெண்டையைத்தான் கொண்டுவருவாள். அவள் வீட்டில் அடுப்பில் ஏறுவது வெங்காயமும் கருவாட்டுத் தூளும் மட்டுமே. ஆறாம் ஆண்டின் அறுவடை முடிந்த மாதத்தில் அகல்லாவும் அவளோடு கோயிலுக்கு வந்திருந்தார். கோயில் வாயிற்காவலன் கூடைக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, ஒவ்வொரு மாசமும் இப்படிக் கொண்டாந்தா சாமிக்குச் செரிக்குமா? எனக்கு ஒருவாட்டி இந்த மாதிரி குடுத்துப் பாரேன்."

"நீ மொதல்ல சாமியாவு, அப்பறம் பாக்கலாம்."

"சாமியானா மீனுக்கு மட்டுந்தானா மதிப்பு? கள்ளு?"

"கள்ளுக்குத்தான் உம் பொண்டாட்டி இருக்காளே, கொடத்தோட தலையில கவுக்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மீனைப் படைத்துவிட்டு வெளியே வந்ததும் அகல்லா மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, உள்ளதுல பெருசையே இங்க குடுத்துட்டு, நீ என்ன திங்கற? சின்னதாக் குடுத்தா ஆகாதா?"

"ஆகாதுண்ணே. நான் பண்ணின தப்புக்கு இதுவே காணாது" என்றாள் நின்ஹேது. பிறகு, தானாகவே சொன்னாள்: "இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. தண்ணி வந்ததுக்கு முந்தின நாள், நான் பக்கத்து வீட்டுக்குப் பார்லி அரைக்கப் போயிட்டு வந்தேன். அவரு காய்ச்சல்ல எழுந்து உக்காந்திருக்காரு. 'சொவரு பேசுச்சுடி, தண்ணி வருதாம், படகெடு'ங்கறாரு. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சிரிச்சேன். 'சொவரு பேசுச்சா, அப்ப கதவு என்ன சொல்லுச்சு, அதையும் கேட்டு வெக்கறதுதானே'ன்னேன். ஈரத்துணியப் போட்டுப் படுக்க வெச்சேன். அவரு ரெண்டு மூணுவாட்டி சொன்னாருண்ணே. மறுநாள் தண்ணி வந்துது. சாமியே வந்து பேசியிருக்கு. நான் சாமியக் கேலி பண்ணி அனுப்பியிருக்கேன்."

அகல்லா அங்கேயே, கோயில் சுவரில் கையை ஊன்றி நின்றுவிட்டார்.

"என்னண்ணே, வெயிலா?"

"ஆமாம்மா. வெயில்" என்றார்.

சுவரிடம் சொன்னது வீணாகவில்லை, லூநன்னா கேட்டிருக்கிறான், அவளிடம் சொல்லியும் இருக்கிறான். ஆனால் காய்ச்சல்காரன் பேச்சு என்று அவள் தள்ளியிருக்கிறாள். அதைத் தெய்வத்தின் குரல் என்று நம்பி, ஆறு ஆண்டுகளாகத் தன் வயிற்றைக் காயப்போட்டுத் தெய்வத்துக்குக் கடன் செலுத்துகிறாள். உண்மையில் அவள் சிரித்தது ஒரு நீர்க்கட்டியின் கோழைத்தனத்தைப் பார்த்து. வாசலில் நின்று, "லூநன்னா, நான் அகல்லா வந்திருக்கேன்" என்ற ஒரு சொல் போதுமாக இருந்திருக்கும்.

சொல்லிவிட்டால் அவள் பாரம் இறங்கும். ஆனால் அண்ணே என்ற அழைப்பு அன்றோடு முடியும், ஆணையும் முறியும். அகல்லா அப்போதும் உடனே சொல்லிவிடவில்லை. இன்னும் மூன்று மாதம், மூன்று பெரிய கெண்டைகள் கோயிலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மீனைப் படைத்துவிட்டு இருவரும் அவள் படகில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நடுப்பகல். அவள் பின்னால் நின்று கோல் ஊன்ற, அவர் முன்னால் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அப்படியே, எதிரே இருந்த நாணற்புதரைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார்.

"அன்னிக்கு ஒங்க வீட்டுப் பின்சொவத்துக்கிட்ட ஒரு ஆளு வந்தான்…"

கோல் நின்றது.

"திரும்பிச் சொல்லுங்க" என்றாள் நின்ஹேது.

திரும்பினார். எல்லாவற்றையும் சொன்னார்: முற்றத்தில் இட்ட ஆணை, உச்சிவெயில், கவிழ்ந்திருந்த படகு, தாம் நடந்த வேகம், விடியற்காலையில் தம் கையில் இருந்த மண்வெட்டி. அந்தச் சிரிப்பைக்கூட விடவில்லை. படகு காற்றில் பக்கவாட்டாக நகர்ந்து கரையில் முட்டி நின்றது.

"அப்ப அது சாமி இல்ல" என்றாள் அவள்.

"இல்லம்மா. நான்."

"சாமி சொவத்துக்கிட்ட சொன்னாரு, சரி. சொவத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா, அவன் எழுந்து ஓட முடியுமா முடியாதா, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுல்ல சொன்னாரு. நீ எட்டிக்கூடப் பாக்கலையே."

நீங்கள் என்பது நீ ஆகிவிட்டதை இருவருமே கவனித்தார்கள்.

"பாத்தா ஆணை…"

"அந்தச் சாமி தந்திரத்த எடுத்துக்கிட்ட. அவரோட கவலைய எடுத்துக்கல." அவள் கோலை மறுபடி ஊன்றினாள். "ஏழு வீட்டுலயும் நீயே போய்ச் சொல்லணும். பின்பக்கம் இல்ல. வாசல்ல நின்னு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, மொகத்தப் பாத்து."

"சொன்னா வயிறு வீங்கிச் சாவேன்மா."

"வீங்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலை அகல்லா போனார். முதல் வீட்டு தாதா என்ற கிழவர் முழுவதும் கேட்டுவிட்டு, "கரைய வெட்டினது யாருன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும்யா. முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு எங்களோட உக்காந்து கள்ளு குடிச்சவன் நீன்னுதான் தெரியாது" என்று சொல்லி உள்ளே போனார். இரண்டாம் வீட்டில் ஒருத்தி கழுநீரை அவர் காலடியில் கொட்டினாள். மூன்றாம் வீட்டுக்காரன் வேறு மாதிரி. "அந்தக் கண்காணி சொன்னது நெசந்தான். நீ சொல்லியிருந்தா மண்வெட்டியோட வந்து ஒங்க அஞ்சு பேர் மண்டையையும் பொளந்திருப்போம். சொன்னதுக்காச்சும் ஒரு வாய் கள்ளு குடிச்சிட்டுப் போ" என்றான். அகல்லா குடிக்கவில்லை. நான்காம் வீட்டில் அவர் பேசி முடிக்கும்வரை நின்றார்கள், முடித்ததும் வாசல் பாயை இறக்கிவிட்டார்கள். ஐந்தாம் வீட்டுப் பெண், உலர்த்தியிருந்த மீனைத் திருப்பிப் போட்டபடியே கேட்டு, "சரி" என்று மட்டும் சொன்னாள்.

ஆறாம் வீட்டில் பேர் சொல்லி அழைத்தும் பதில் வரவில்லை. அகல்லா ஏழாம் வீட்டை நோக்கிப் பத்தடி நடந்தவர் நின்றார். திரும்பி வந்து, அந்த வாசலில் வெயிலிலேயே உட்கார்ந்துகொண்டார். அந்த வீட்டார் சதுப்பிலிருந்து நாணல் கட்டோடு வந்து சேர்வதற்குப் பிற்பகல் ஆகிவிட்டது. அதுவரை அவர் எழவில்லை. அவர்கள் கட்டை இறக்கி, முகம் கழுவி, நிமிர்ந்து பார்த்த பிறகுதான் சொன்னார்.

அந்த ஒரு நாளுக்காக அவருடைய மதகு பறிபோனது. ஆணை முறித்தவன் கை மதகைத் தொடலாகாது என்று உர்லம்மா தீர்த்துவிட்டார். நாணற்கோலை ஒப்படைத்துவிட்டு, மீதி நாளெல்லாம் சதுப்பில் நாணல் அறுத்துப் பிழைத்தார் அகல்லா. வயிறு வீங்கவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "இன்னும் நாளிருக்கு" என்பார்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று பொழுது இறங்குகையில் அவர் ஏழாம் வீட்டு வாசலில் நின்று, "நின்ஹேது" என்று அழைத்தார். அவள் மாவு ஒட்டிய கையோடு வெளியே வந்தாள். படகில் கேட்டதையே, முதல்முறை கேட்பவள்போல் மறுபடி முழுவதும் கேட்டாள். முடிந்ததும் ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு நீ பேசினதும், உள்ளேருந்து அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

ஆம் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்பது அகல்லாவுக்குத் தெரிந்திருந்தது. என்ன சொன்னதாகச் சொல்லலாம் என்பதுகூட ஒரு கணம் மனத்தில் ஓடியது.

"தெரியாதும்மா" என்றார். "நான் நின்னு கேக்கல."

நின்ஹேது தலையை அசைத்தாள்.

"சொல்லியிருப்பாரு. யாரு பேசினாலும் பதில் சொல்லாம அவரால இருக்க முடியாது" என்றாள். கையில் ஒட்டியிருந்த மாவை உருட்டி உதிர்த்துக்கொண்டே, அவள் அவரை உள்ளே வரும்படியும் சொல்லவில்லை, போகும்படியும் சொல்லவில்லை. அகல்லா இருட்டும்வரை அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.